துணை வேண்டாத காயில்

மதினி, அண்ணன் வண்டியை எடுக்கறதுக்கு முன்னாடி உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். கறிவேப்பிலை கேட்டு வந்தேன்னு சொன்னது சும்மா. எங்க வீட்டுக்குப் பின்னாடியே மரம் நிக்குது, அது உங்களுக்கும் தெரியும். தெரிஞ்சும் ஒடிச்சுக் குடுக்க எந்திரிச்சீங்க பாருங்க, அதுலயே எனக்குப் பாதி உசிர் போயிருச்சு.

ஜெசிந்தா குளிச்சிட்டாளா? மகளை அவசரப்படுத்தாதீங்க. நெறமாசத்துல ஈரத்தலையோட மலை இறங்கக் கூடாது. நல்லா காயட்டும். சாம்பிராணி போடுங்க. ஆஸ்பத்திரியில இன்னைக்குள்ள வந்து படுக்கச் சொல்லியிருக்காங்க, அவ்வளவுதானே? அதுக்குள்ள நான் சொல்லி முடிச்சிருவேன்.

வண்டியைப் பத்தித்தான் மதினி. வண்டின்னா, காயிலைப் பத்தி.

நேத்துப் பூராவும் எங்க வீட்டுக்காரரும் அண்ணனும் உங்க ஜீப்புக்கடியில படுத்துக் கெடந்தாங்களே. ஆறு வோல்ட் வண்டியைப் பன்னெண்டு வோல்ட்டா மாத்திட்டாங்க. பேட்டரி பன்னெண்டு, டைனமோ பன்னெண்டு, பல்பு எல்லாம் பன்னெண்டு. இன்ஜினுக்குப் பொறி குடுக்கிற காயிலை மட்டும் மாத்தல. பழைய ஆறு வோல்ட் காயிலே கெடக்கட்டும்னு எங்க வீட்டுக்காரர்தான் சொன்னார். "என் வண்டி ரெண்டு மாசமா அப்படித்தான மச்சான் ஓடுது?"ன்னார். காப்பி கொண்டுவந்து வச்சப்ப நீங்களும் அதைக் காதால கேட்டீங்க.

எங்க வண்டி அப்படி ஓடல மதினி. எங்க வண்டியில இருக்கிறது பன்னெண்டு வோல்ட் காயில். அது அவருக்குத் தெரியாது. எனக்கு மட்டும்தான் தெரியும்.

இருங்க, எந்திரிக்காதீங்க. அண்ணனைக் கூப்பிடாதீங்க. முதல்ல இருந்து சொன்னாத்தான் எனக்குச் சொல்ல வரும். ஆம்பளைங்க முன்னாடி எனக்கு வாயே வராது, தெரியும்ல. கல்யாணமாகி வந்த புதுசுல நான் ஊமைன்னு நீங்களே நினைச்சீங்க.

இந்தா இடுப்புல இருக்காளே, எங்க பாப்பா, இவ பிறக்கப் போனது ஐப்பசி மழையில. மத்தியான நேரம்தான், ஆனா கீழ் வளைவுல மூடுபனி இறங்கி ரோடே தெரியல. எங்க வண்டி லைட்டு அப்ப எப்படி எரியும்? மின்மினிப்பூச்சி ரெண்டைப் பிடிச்சு ஒட்டின மாதிரி எரியும். நான் பின்னாடி படுத்துக் கத்துறேன். அண்ணன்தான் இறங்கி, வெள்ளைத் துண்டை முதுகுல விரிச்சுப் போட்டுக்கிட்டு வண்டிக்கு முன்னாடி நடந்தார். அந்தத் துண்டையே பார்த்துப் பார்த்து எங்க வீட்டுக்காரர் ஓட்டினார். பனி விலகுற வரைக்கும் நடந்தார் மதினி, செருப்பு அறுந்து வெறுங்காலோட. கூடப் பிறக்காத அந்த அண்ணனுக்கு நான் பண்ணியிருக்கிற காரியத்தைப் பாருங்க.

பிள்ளையைக் கையில வாங்கினதும் எங்க வீட்டுக்காரர் சொன்ன முதல் வார்த்தை என்ன தெரியுமா? "இந்த லைட்டை மாத்தணும் புள்ள." பிள்ளை யாரு சாடைன்னுகூடப் பார்க்கல. அப்படி மனசு நொந்து போயிருந்தார். என்மேல இருந்த பிரியத்துலதான் அந்த வேலையைத் தொட்டார்.

ஆறு வோல்ட் பேட்டரி இப்பல்லாம் எங்க கிடைக்குது? பன்னெண்டுக்கு மாத்துறதுதான் வழின்னு எல்லாரும் சொன்னாங்க. வாழைத்தார் ஏத்துற வேலை இல்லாத நாளாப் பார்த்து ஒவ்வொண்ணா மாத்தினார். பழைய இரும்புக் கடையில ஏதோ கார் டைனமோ கிடைச்சது, அதைப் பிள்ளை மாதிரி மடியில வச்சுத் துடைப்பார். நானும் பக்கத்துல உக்காந்து ஸ்பானர் எடுத்துக் குடுப்பேன். பேர் தெரியாது. "அந்தச் சின்னது"ம்பார், சின்னதைக் குடுப்பேன்.

அடிவாரத்து ஒர்க்‌ஷாப்காரர் ஒருத்தர் சொன்னாராம், "எல்லாத்தையும் மாத்திட்டு இக்னிஷன் காயிலை மட்டும் ஆறுலயே விட்டுறாதப்பா, வெந்துரும்"னு. சொன்னதுல தப்பில்ல. நாலு டிரைவருங்க முன்னாடி சொன்னார், சிரிச்சுக்கிட்டே சொன்னார். அதுதான் தப்பு.

இவருக்குக் கோவம் வந்திருச்சு. "ஸ்டார்ட்டர் மோட்டாரும் ஆறு வோல்ட்தான். பன்னெண்டைக் குடுத்தா பேய் பிடிச்ச மாதிரி சுத்துதே, வெந்தா போச்சு? ஹாரனும் ஆறுதான். காட்டுமாடே மிரண்டு ஓடுற மாதிரி கத்துது. காயில் மட்டும் என்ன, பணக்கார வீட்டுப் பிள்ளையா?" அப்படின்னு கேட்டுட்டு வந்துட்டார். வீட்டுக்கு வந்தும் அதையே சொல்லிக்கிட்டிருந்தார். சோறு தின்னுக்கிட்டே சொல்வார். எனக்கும் அது ஞாயமாத்தான் பட்டது. யாருக்குத்தான் படாது?

உங்க வண்டியில காயில் நல்லா இருக்கு, அதனால அப்படியே விட்டாங்க. எங்களது ஏற்கெனவே எண்ணெய் கசிஞ்சு செத்துப் போயிருந்தது. புதுசு வாங்கணும். ஆறு வோல்ட்டே வாங்கணும்னு ஒத்தைக் கால்ல நின்னார். பாப்பாவுக்குத் தடுப்பூசி போட நான் வத்தலக்குண்டு போகணும்ல, "அப்படியே வாங்கிட்டு வந்துரு"ன்னார்.

எனக்கு பக்குன்னு இருந்தது. அவரே சொன்னார், "நீ வாயே திறக்க வேண்டாம் புள்ள, மாதிரி காட்டினாப் போதும்." நம்ம ஊர்ல யாரு மதினி பேர் சொல்லி ஸ்பேர் வாங்குறா? பழசைத் துணியில சுத்திக் கொண்டு போவோம், கல்லாப் பலகையில வைப்போம், "இது மாதிரி"ன்னுவோம், அவ்வளவுதான். எனக்கு அது ரொம்ப வசதி. டம்ளர் அளவு இரும்பு டப்பா, மண்டையில ஒரு கறுப்பு மூடி. பாப்பா துணியில சுத்தி எடுத்துக்கிட்டேன். ஹெட்லைட் பல்பு ஒண்ணும் வாங்கணும்னு பழைய பல்பையும் குடுத்துவிட்டார். அதுதான் வினையாப் போச்சு.

கடையில ஒரே ஆம்பளைங்க. பாப்பா ஊசி போட்ட கோவத்துல வீல் வீல்னு கத்துறா. ஓரமா நின்னேன். கடைக்காரரே கூப்பிட்டு, "தங்கச்சி, உனக்கு என்ன வேணும்?"னார். ரெண்டையும் எடுத்து வச்சேன்.

"ரெண்டும் இது மாதிரியேவா?"

"காயில் இது மாதிரி. பல்பு பன்னெண்டு."

"காயில் ஆறு, பல்பு பன்னெண்டு. ரெண்டு வண்டியா?"

"ஒரு வண்டிதான்."

பக்கத்துல டீ குடிச்சுக்கிட்டு நின்ன ஒருத்தர், "அப்ப பாதி வண்டி மலை ஏறும், பாதி பஸ் ஸ்டாண்டுலயே நிக்கும்"னார். எல்லாரும் சிரிச்சாங்க. நான் பேசாம இருந்திருக்கணும். வீட்டுக்காரரை விட்டுக்குடுக்கக் கூடாதேன்னு வாயைத் திறந்தேன் பாருங்க. ஸ்டார்ட்டரு, ஹாரனு, பணக்கார வீட்டுப் பிள்ளை, அம்புட்டையும் அவர் சொன்ன மாதிரியே ஒப்பிச்சேன். இன்னும் சிரிச்சாங்க. ஒருத்தருக்குப் புரை ஏறிருச்சு.

கடைக்காரர் மட்டும் சிரிக்கல. பாப்பாவைக் காட்டி, "இதுக்கு எத்தனை மாசம்?"னார். மூணுன்னேன்.

"தெரியாம இதுக்கு ஒரு வாய் சோறு ஊட்டிட்டா, துப்பிட்டுப் பொழைச்சுக்கும். காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் ஊட்டிக்கிட்டே இருந்தா? ஸ்டார்ட்டருக்கு ஒரு வாய்தாம்மா, வண்டி கிளம்புறப்ப மட்டும். காயிலுக்கு வண்டி ஓடுற வரைக்கும் பேட்டரி ஊட்டிக்கிட்டே இருக்கு."

அவ்வளவுதான் மதினி. எனக்குப் புரிஞ்சு போச்சு. எனக்கு எதுக்குப் புரியணும்? புரியாமலே இருந்திருந்தா இந்தப் பாவம் எனக்கு வந்திருக்காது.

அண்ணன் ஆக்சிலேட்டரை மிதிக்கிறார் பாருங்க. லைட்டைப் போட்டுப் போட்டு அமத்துறார். பட்டப்பகல்ல. காலையிலிருந்து வண்டியை நிறுத்தவே இல்லையா? சின்னப் பிள்ளை மாதிரி சந்தோசப்படுறார்.

சொல்றேன், சொல்றேன். கடைக்காரர் ரெண்டு புதுக் காயில் எடுத்து வச்சார். ரெண்டுலயும் பன்னெண்டுன்னுதான் போட்டிருந்தது, ரெண்டும் பார்க்க ஒண்ணு போலத்தான் இருந்தது. ஆனா ஒண்ணு தனியா வேலை செய்யாதாம். ரெசிஸ்டர்னு ஒண்ணு, வெள்ளைக் கல்லு மாதிரி இருக்கு, அதையும் கூடவே மாட்டணுமாம். மாட்டலைன்னா அந்தக் காயிலும் சூடாகிக் கெட்டுப் போகுமாம். இன்னொண்ணுக்கு எதுவும் வேண்டாமாம். "வண்டியில ரெசிஸ்டர் இருக்கா தங்கச்சி?"ன்னார். நான் ஸ்பானர் எடுத்துக் குடுத்த வரைக்கும் வெள்ளையா எதையும் பார்க்கல. "துணை வேண்டாததையே குடுங்க"ன்னேன்.

நானாத்தான் சொன்னேன். அம்புட்டு ஆம்பளைங்க நிக்கிறாங்க. எனக்கு எங்கிருந்து அந்தத் தைரியம் வந்துச்சோ, போங்க.

பஸ்ல ஏறி உக்காந்ததும் பயம் வந்திருச்சு. காயில் உடம்புல மஞ்ச ஸ்டிக்கர், அதுல கொட்டை எழுத்துல பன்னெண்டு. நான் அஞ்சாப்பு வரைக்கும்தான் படிச்சேன், எனக்கே அது தெரியுது, அவருக்குத் தெரியாதா? "ஏன் பன்னெண்டு வாங்கின?"ம்பார். கடைக்காரர் சொன்னாருன்னு சொல்லணும். எல்லாரும் சிரிச்சாங்கன்னும் சொல்லணும். ஒர்க்‌ஷாப்ல சிரிச்சதுக்கே ரெண்டு நாள் சரியாச் சாப்பிடாத மனுசன். அதான் மதினி, பாப்பா தூங்கினதும் எச்சியைத் தொட்டு நகத்தால சுரண்டினேன். வரல. கொண்டை ஊசியால சுரண்டினேன். பசை பிசுபிசுன்னு நின்னுக்கிச்சு. பாப்பா தலைக்குத் தேய்க்கிற தேங்காய் எண்ணெயைத் தொட்டுத் தேய்ச்சேன், சுத்தமாப் போயிருச்சு. அட்டை டப்பாவை ஜன்னல் வழியா போட்டுட்டேன்.

வீட்டுக்கு வந்ததும், "ஸ்டிக்கர் இல்லையே?"ன்னார். "இல்லாமத்தான் குடுத்தாங்க"ன்னேன். கண்ணைப் பார்த்து ஒரு பொய் சொன்னது அதுதான் முதல் தடவை. "டூப்ளிகேட்டா இருக்கும், பரவாயில்ல"ன்னு மாட்டினார். ஒரே திருகு, வண்டி சிங்கம் மாதிரி கிளம்பிருச்சு. சந்தனம் குழைச்சுக் காயிலுக்குப் பொட்டு வச்சார். எங்க வச்சார்? ஸ்டிக்கர் இருந்த இடத்துலயே வச்சார்.

அப்புறம்தான் உங்களுக்குத் தெரியுமே. டீக்கடையில பானெட்டைத் திறந்து வச்சு ஒவ்வொருத்தர் கையையும் பிடிச்சு இழுத்து, "தொட்டுப் பாரு, ஆறு வோல்ட் காயில், பன்னெண்டுல ஓடுது, சூடு இருக்கா? இருக்கா?"ன்னு கேப்பார். மலை இறங்கறப்ப அந்த ஒர்க்‌ஷாப் முன்னாடி நிறுத்தி வேணும்னே ஹாரன் அடிப்பாராம். வீட்டுக்கு யார் வந்தாலும் இந்தப் பேச்சுதான். நான் தண்ணிச் செம்பை வச்சுட்டு உள்ள போயிருவேன். உள்ள போய்... சிரிப்பேன் மதினி. வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிப்பேன். அந்தச் சிரிப்புக்குத்தான் சாமி இப்படிக் கேக்குது. தாலி கட்டின மனுசனைப் பார்த்து அடுப்படியில நின்னு சிரிக்கிறவ உருப்படுவாளா?

அது எங்க வீட்டோட போயிருந்தா பரவாயில்லைன்னு கெடந்திருப்பேன். அவரு சந்தோசமா இருக்கார், வண்டி ஓடுது, யாருக்கு என்ன நட்டம்? அண்ணன் வந்து, "மாப்ள, என் வண்டியையும் மாத்திக் குடு, ஜெசிந்தாவைக் கூட்டிட்டுப் போகணும், உன் பொண்டாட்டிக்குப் பட்ட பாடு என் மகளுக்கு வரக் கூடாது"ன்னு கேப்பாருன்னு நான் கண்டேனா?

நேத்துச் சொல்லப் பார்த்தேன் மதினி. சத்தியமா. அவர் கை கழுவ வந்தப்ப, "ஏங்க, அண்ணன் வண்டிக்கும் புதுக் காயில் ஒண்ணு வாங்கிருவோமே"ன்னேன். "எதுக்கு? நல்லாத்தான இருக்கு?"ன்னார். "இல்ல, பிள்ளைத்தாச்சி போற வண்டி"ன்னேன். "உனக்கு என்ன தெரியும் புள்ள?"ன்னு சிரிச்சுட்டு, ஈரக் கையால என் கன்னத்தைத் தட்டிட்டுப் போயிட்டார். அவர் சொல்றதும் சரிதான். எனக்கு என்ன தெரியும்?

வேகும் மதினி. கட்டாயம் வேகும். முதல்ல ஜோராத்தான் ஓடும், பொறி நல்லா விழும். அப்புறம் சூடேறி, சூடேறி நின்னுரும். ஆறினா மறுபடி ஓடும், மறுபடி நிக்கும். அதெல்லாம் அந்தக் கடைக்காரர் சொல்லித்தான் அனுப்பினார். கீழ் வளைவுல நின்னா? அங்க போன்கூட எடுக்காது. ஜெசிந்தாவுக்கு வலி கண்டிருச்சுன்னா?

அழல. கண்ணுல தூசி.

ஒரே ஒரு உபகாரம் பண்ணுங்க. நான் சொன்னேன்னு சொல்லாதீங்க. மாதா கனவுல வந்து, அந்த வண்டியில ஏத்தாதன்னு சொன்னதாச் சொல்லுங்க. மாதா சொன்னா அண்ணன் தட்டமாட்டார். எங்க வண்டியில கூட்டிட்டுப் போகட்டும், அது எந்தப் பள்ளத்துலயும் நிக்காது... சரி, சரி, முறைக்காதீங்க. மாதாவை இழுக்கல. உங்க சாமி பேரைச் சொல்லி உங்களையே பொய் சொல்லச் சொல்லிட்டேன். புத்தி அப்படிப் போகுது எனக்கு.

நான் சொன்னா அண்ணன் நம்புவாரா? "உன் புருசன் வண்டியில ஓடுறது என்ன?"ம்பார். ஸ்டிக்கர் இருந்தா இழுத்துக்கிட்டுப் போய்க் காட்டலாம். அதைத்தான் நான் சுரண்டிட்டேனே.

அவருக்குத் தெரிஞ்சா அடிக்க மாட்டார் மதினி, அப்படிப்பட்டவர் இல்ல. அடிச்சாக்கூடத் தேவலை. பேசாம இருப்பார். டீக்கடைப் பக்கம் போகமாட்டார். அந்த ஒர்க்‌ஷாப் வழியா போகாம, சுத்திக்கிட்டு மறு ரோட்டுல போவார். பிறந்ததுலருந்து எல்லார்கிட்டயும் ஏச்சு வாங்கியே வளர்ந்தவர். இந்த ஒரு விஷயத்துலதான் ஜெயிச்சார். அதுவும் நான் ஜெயிக்க வச்சதுன்னு தெரிஞ்சா... நான் ஜெயிக்க வச்சேன்னு சொல்லக் கூடாது. தப்பாச் சொல்லிட்டேன். வாய் தவறிருச்சு.

என்ன மதினி? ஏன் அப்படிப் பார்க்குறீங்க?

ஆமா. வண்டிச் சத்தம் நின்னு போச்சு.

அண்ணன் நிறுத்தியிருப்பாரோ? இல்ல, சாவியைத் திருகுறார். ஸ்டார்ட்டர் சுத்துது, எடுக்கல. மறுபடி சுத்துது. மதினி, வெந்துருச்சு. வாசல்லயே வெந்துருச்சு. நல்ல வேளை, நான் வளவளன்னு பேசிக்கிட்டு இருந்தது நல்லதாப் போச்சு. இனி யாரும் ஒண்ணும் சொல்ல வேண்டாம். அண்ணனே பார்த்துக்குவார்.

அண்ணன் என்ன கத்துறார்? "மாப்ளையைக் கூப்பிடு, அவனுக்குத்தான் தெரியும்"ங்கிறார்.

அந்தா வர்றார் எங்க வீட்டுக்காரர், சாப்பிட்ட கையோட. ஒரு அழைப்புக்கு ஓடி வர்றதைப் பாருங்க. பானெட்டைத் தூக்குறார். கையை வச்சார். உதறுறார் மதினி, சுட்டுருச்சு. இப்பத் தெரிஞ்சிருக்கும். முகத்தைப் பாருங்க, என்னமோ யோசிக்கிறார்.

ஈரச் சாக்கு கேக்குறார். காயில் மேல போடுறார். அண்ணன் என்னமோ கேக்குறாரே?

"ஒண்ணுமில்ல மச்சான், முதல் நாள் இப்படித்தான் சூடாகும். என் வண்டியும் முதல் நாள் நின்னுச்சு. அப்புறம் பழகிருச்சு."

நிக்கல மதினி. எங்க வண்டி ஒரு நாளும் நிக்கல. சூடாகவே இல்ல. பொய் சொல்றார். அவர் பொய் சொல்லி நான் பார்த்ததே இல்ல. டூப்ளிகேட் சாமான்னு கடைக்காரனைத் திட்டுவார், என்னைத் திட்டுவார், பொய் சொல்லமாட்டார். அண்ணன் முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்றார் பாருங்க. நான் சுரண்டினதுல வந்த வினை இது.

ஆறிருச்சு போல. அண்ணன் சாவியைத் திருகுறார். எடுத்திருச்சு. கைதட்டுறாங்க. "ஏத்துங்க புள்ளையை"ன்னு கூப்பிடுறார்.

ஜெசிந்தா பையோட வந்துட்டா. பூ வச்சு, பவுடர் போட்டு, அவளைப் பாருங்க. நடக்கவே முடியல, சிரிச்சுக்கிட்டே வர்றா.

வேண்டாம் மதினி. நீங்க வாயைத் திறக்காதீங்க. உங்க வாயால கேட்டா எங்க வீட்டுக்காரர் தாங்கமாட்டார். இந்தாங்க, பாப்பாவைக் கொஞ்சம் பிடிங்க. என் முந்தானையை விடமாட்டா, விரலை ஒண்ணு ஒண்ணா எடுத்து விடுங்க. அழுதா அழட்டும்.

ஜெசிந்தா, ஏறாத. அங்கேயே நில்லும்மா.

ஏங்க, இங்க கொஞ்சம் வாங்க. உங்ககிட்டத் தனியா ஒரு வார்த்தை...

இல்ல. அங்கேயே நில்லுங்க. அண்ணனும் கேக்கட்டும்.